மழையை யார் அளந்தது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கடைசி வருட புரொஜெக்ட் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. விஞ்ஞானமும் பொறியியலும் படிக்கிற மலையகப் பிள்ளைகள் இத்தனை பேர் ஆய்வைப் பற்றிக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, மண்ணியல் படித்து, பல வருடம் அதையே படிப்பித்தவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மெடம், நாங்கள் நாலு பேர், பொறியியல் இறுதியாண்டு. என் வீடு மட்டும் தோட்டத்தில். லயத்துக்குப் பின்னாலேயே செங்குத்தான மலை. மண் ஈரத்தை அளக்கும் சென்சர், சின்ன கம்பியூட்டர் போர்ட், ஒரு சைரன், மூன்றையும் சேர்த்து மண்சரிவு எச்சரிக்கைக் கருவி செய்ய நினைக்கிறோம். மலிவான சென்சர் போதுமா? – பசறை

பதில்: தம்பி, அந்த மலைக்குக் கீழே தூங்குவது உங்கள் அம்மா அப்பா. உங்கள் அவசரம் எனக்கு விளங்குகிறது. அதனாலேயே முதலில் இதைச் சொல்கிறேன்: சைரனைக் கழற்றிவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் நாலு மாணவர் செய்து முடிக்கும் கருவியை நம்பி ஒரு லயம் தூங்கக் கூடாது. அடிக்க வேண்டிய இரவில் அது அடிக்காவிட்டால் உயிர் போகும். வீணாக இரண்டு முறை அடித்தால், மூன்றாம் முறை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யாரும் வெளியே ஓட மாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது உங்களுக்குச் சின்ன வயதுச் செய்தியாக இருக்கும். அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆபத்து என்று சொன்னால் மட்டும் போதாது, எழும்பிப் போய் இருக்க ஓர் இடமும் வேண்டும். எச்சரிக்கைக் கருவி செய்கிற எவரும் இதை மறக்கக் கூடாது.

இனி ஆய்வுக்கு வருவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுவதற்கு முக்கியமாகப் பார்ப்பது மழையளவு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்வார்கள். 100 தாண்டினால் எச்சரிக்கை கூடும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறச் சொல்வார்கள். சரி, அந்த 75ஐயும் 150ஐயும் எங்கே அளந்தார்கள்? மழைமானி நிற்கிற இடத்தில். உங்கள் லயத்துக்கு மேலே பெய்த மழையை யார் அளந்தது? தென்மேல் பருவத்தில் கினிகத்தேனையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெலிமடையில் துணி காயும். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். மேக்கணக்கில் (மேல் பிரிவில்) மழை, பணியக்கணக்கில் (கீழ்ப் பிரிவில்) வெயில் என்று ஒரே தோட்டத்துக்குள் நாம் பேசுவதில்லையா? அந்தப் பேச்சை எண்ணாக்குங்கள். உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: பக்கத்திலுள்ள உத்தியோகபூர்வ மழைமானி காட்டும் 24 மணித்தியால மழைக்கும், எங்கள் தோட்டத்தில் மூன்று வெவ்வேறு உயரங்களில் பெய்யும் மழைக்கும் எவ்வளவு வித்தியாசம்? 75, 100, 150 என்ற எல்லைகளை இரண்டும் ஒரே நாளில்தான் தாண்டுகின்றனவா?

சின்னக் கேள்வி போலத் தெரியும். ஆனால் இதற்குப் பதில் கிடைத்தால் எச்சரிக்கை விடுகிறவர்களுக்கே அது உதவும். உங்கள் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவம்தான் பெரிய மழை. ஒக்டோபருக்கு முன் கருவிகள் நிற்க வேண்டும்; தை பிறக்கும்போது கையில் டேட்டா இருக்கும்.

செய்யும் முறையில் கஞ்சத்தனம் வேண்டாம், கவனம் வேண்டும். சதுர மீற்றர் ஒன்றில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர் தண்ணீர். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள புனலுக்கு ஒவ்வொரு மில்லிமீற்றர் மழைக்கும் 31.4 மில்லிலீற்றர் சேரும். ஒவ்வொரு இடத்திலும் மின்னணுக் கருவிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு புனலும் போத்தலும் கட்டாயம் வையுங்கள். சின்ன வாளி நிறைந்து நிறைந்து கவிழும் வகை மழைமானி, அடைமழையில் குறைத்துத்தான் எண்ணும். வாளி கவிழ்கிற நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் போவதே காரணம். உங்களுக்கு வேண்டியதோ அந்த அடைமழைக் கணக்கு. போத்தல் இல்லாவிட்டால் கருவி சொல்வது பிழை என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. சவுக்கு மரத்தடியில், கூரை ஓரத்தில் வைக்க வேண்டாம். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். புனலில் இலை அடைத்திருக்கிறதா என்று தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் உங்கள் அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் வர வேண்டும்.

இன்னொன்று. தோட்டத்து ஆபீஸ்களில் தினசரி மழைக் கணக்கு எழுதுகிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பெரிய கிளாக்கர் ஐயாவைப் போய்ப் பாருங்கள். பழைய புத்தகங்கள் இருந்தால் துரையிடம் அனுமதி வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கறையான் அரித்த புத்தகம் என்றால் அதுதான் முதல் வேலை.

மண் ஈர சென்சரையும் விட வேண்டாம். ஆனால் கடையில் வாங்கிய சென்சர் காட்டும் எண் உங்கள் மண்ணின் ஈரம் ஆகாது. சென்சர் நிற்கும் இடத்தில் மண்ணெடுத்து நிறுத்து, 105 பாகை செல்சியஸ் சூட்டடுப்பில் 24 மணித்தியாலம் காயவைத்து, திரும்ப நிறுத்துப் பாருங்கள். ஈரமான மண், நடுத்தரம், காய்ந்தது என்று பல நிலைகளில் இதைச் செய்து, உங்கள் மண்ணுக்கென ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். மேல்மண்ணின் ஈரம் மட்டும் சரிவைச் சொல்லாது. ஆழத்தில் மண்துணிக்கைகளுக்கிடையே நிற்கும் நீரின் அமுக்கம் கூடும்போதுதான் மண் தன் பிடியை விடுகிறது. இதை வாசிக்கும்போது பேராசிரியர் அழகையா துரைராஜா என்ற பெயரைத் தேடுங்கள். பேராதனைப் பொறியியல் பீடத்தில் படிப்பித்தவர், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1963ல் அவர் எழுதிய கட்டுரை, ஈரக் களிமண் எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பற்றியது. உலகம் முழுவதும் மண் பொறியியல் படிக்கிறவர்கள் இன்றும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆய்வு மாணவராக அவர் செய்த வேலையிலிருந்து பிறந்தது அது.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் கொழுந்து எடுக்கிறேன். மகள் கெம்பசில் நாலாம் வருஷம். போன் எடுத்தா 'லேப்ல இருக்கேன், ரிசர்ச்'னு சொல்றா. ராத்திரி எட்டு மணி, ஒம்பது மணி. காசும் கேக்குறா. படிப்பு முடிஞ்சிருக்கணுமே, இது என்ன புதுசா? எனக்குப் பயமா இருக்கு. – நோர்வூட் (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது)

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். மகள் சொல்வது உண்மையான வேலைதான். முதல் மூன்று வருடமும் மற்றவர்கள் கண்டுபிடித்ததைப் படித்தாள். இந்த வருடம் யாரும் இன்னும் அளந்து பார்க்காத ஒன்றை அவளே அளந்து, கணக்குப் போட்டு, எழுதி, பெரியவர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் ரிசர்ச்.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்கிறேன். மழைக்காலத்தில் இளங்கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாக ஒரு நோய் வருமே, அது இந்த நாட்டுக்கு வந்தது 1946ல். மூடுபனியும் ஈரமும் இருந்தால் பரவும், வெயில் பட்டால் அடங்கும். தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது, இலையில் எத்தனை கொப்புளம் வந்தது என்று நாள்தோறும் குறித்துக் குறித்து, வெயில் கணக்கைப் பார்த்து மருந்தடிப்பைத் தீர்மானிக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். தேவையில்லாத நாளில் மருந்து அடிக்காவிட்டால் தோட்டத்துக்குக் காசு மிச்சம். மருந்து டாங்கியை முதுகில் சுமக்கிற நம் ஆளுக்கு நெஞ்சு மிச்சம். உங்கள் மகள் செய்வதும் அந்த வகை வேலைதான், அளவில் சின்னது.

ராத்திரி ஏன் என்றால், சில பரிசோதனைகளைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. கிருமி வளர்க்கிறவர்கள் குறித்த நேரத்துக்கு ஒரு தரம் போய் அளவெடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் ஒன்று கண்டிப்பாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்: ராத்திரி லேப்பில் தனியாக இருக்கக் கூடாது. கூட ஒரு பிள்ளை இருக்க வேண்டும். எங்கே இருக்கிறாள் என்பது பொறுப்பான ஆசிரியருக்கும் ஹொஸ்டலுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காசு விஷயம். பஸ்ஸுக்கு, போட்டோகொப்பிக்கு, அறிக்கை பைண்ட் பண்ணச் செலவு உண்டு. இரசாயனமும் கருவியும் மாணவியின் கைக்காசில் வாங்க வேண்டியவை இல்லை. அதற்குத்தான் கேட்கிறாள் என்றால், துறைத் தலைவரிடம் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெட்கத்தில் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை போன் எடுக்கும்போது, "நீ எதை அளக்கிற? எனக்கு விளங்குற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கச் சொல்ல முடிந்தால் அவள் தன் வேலையைப் புரிந்து செய்கிறாள். சொல்ல முடியாவிட்டால் அவளே போய் யோசிப்பாள். நீங்களும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எந்த மலையில் பனி கடைசியாக விலகும், கவ்வாத்து வெட்டிய பிறகு எந்தச் செடி முந்தித் துளிர்க்கும் என்று உங்களுக்குத் தெரிந்தது பல ஆய்வாளர்களுக்குத் தெரியாது.

கேள்வி: அக்கா, நான் பௌதிக விஞ்ஞானம் இரண்டாம் வருடம். மூன்று வருடத்தில் ஜெனரல் டிகிரியோடு வெளியே வந்தால் டீச்சிங் கிடைக்கும் என்கிறார் அப்பா. எனக்கு ஸ்பெஷல் செய்து ஆய்வு செய்ய ஆசை. வீட்டில் கடனும் இருக்கிறது, தம்பி இருவர் படிக்கிறார்கள். – பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருடச் சம்பளம் என்பது உங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. மூன்று வருடத்தோடு வந்து, நல்ல ஆசிரியையாகி, பத்து வருடத்தில் ஒரு பாடசாலையின் விஞ்ஞானப் பிரிவையே தூக்கி நிறுத்தினவர்களை எனக்குத் தெரியும். அது குறைந்த வழி என்று யாரும் சொன்னால் காதில் போட வேண்டாம்.

ஆனாலும் புள்ளி இடம் கொடுத்தால் நாலாம் வருடம் செய்யுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். நாலு வருட சிறப்புப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6ஆம் மட்டம், மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம். மேற்படிப்புக்கு, குறிப்பாக வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்குப் போகும்போது இந்த ஒரு மட்டம் பல கதவுகளைத் தீர்மானிக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நம் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை, விடை ஏற்கனவே யாரிடமோ இருக்கிற கேள்விகளுக்கே பழகி வருகிறார்கள். விடை யாரிடமும் இல்லாத கேள்வியோடு ஒரு வருடம் உட்காருவது ஆளையே மாற்றும். பின்னால் ஆசிரியையாகத்தான் போவீர்கள் என்றாலும் அந்த வருடம் வகுப்பறையில் தெரியும்.

அப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள். ஆசையைச் சொல்லி அழ வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், மஹாபொல அல்லது பேசரி உதவிப் பணம் நாலாம் வருடத்துக்கும் வருமா (இதை நலன்புரிப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்), உயர்தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தால் எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் மூன்று வருடத்தோடு வாருங்கள். அதற்காக மனம் உடைய வேண்டாம். பிறகும் மேற்படிப்புக்கு வழி உண்டு, சுற்றுவழி.

கேள்வி: உயர்தரம் வரை தமிழ் மீடியம். இப்போது சுப்பர்வைசர் பத்து ஆய்வுக் கட்டுரை தந்து வாசிக்கச் சொல்கிறார். ஒரு பக்கம் தாண்ட இரண்டு மணித்தியாலம் போகிறது. நான் இதற்கு லாயக்கில்லையோ? – இராகலை

பதில்: லாயக்குத்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு நேரம் போகிறது. ஆய்வுக் கட்டுரையைக் கதைப் புத்தகம்போல வாசிக்க வேண்டியதில்லை. முதலில் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் பாருங்கள். கிடை அச்சில் என்ன, நிலை அச்சில் என்ன, எது கூடும்போது எது குறைகிறது? இதற்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படாது. பிறகு அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்ற பகுதி. நீங்கள் லேப்பில் செய்கிற வேலைகள்தான் அங்கே வரும், சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முன்னுரையைக் கடைசிக்கு விடுங்கள். கடினமான ஆங்கிலமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

பத்தையும் தொட வேண்டாம். உங்கள் தலைப்புக்கு மிக நெருங்கிய ஒன்றை எடுத்து நாலு முறை வாசியுங்கள். இலங்கை ஆய்விதழ்கள் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் ஊர் மண்ணையும் மழையையும் பற்றிய கட்டுரை வாசிக்கச் சுலபமாக இருக்கும், இடம் தெரிந்த இடம் அல்லவா. வாசித்ததை மூன்று வரியில் தமிழில் எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எப்படி அளந்தார்கள், என்ன கிடைத்தது. போனில் மொழிபெயர்க்கிற வசதியைச் சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் பாவியுங்கள், குற்றமில்லை. கட்டுரையையே சுருக்கித் தரச் சொல்லி அதை அறிக்கையில் ஒட்டுவதுதான் குற்றம். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) இரண்டாவது கேள்வியிலேயே அது வெளியே வந்துவிடும்.

கேள்வி: மூன்று வகைக் கூட்டெரு போட்டுத் தேயிலைக் கொழுந்தின் நிறை பார்த்தேன். புள்ளிவிபரத்தில் வித்தியாசம் எதுவும் வரவில்லை. 'ரெண்டு பாத்தியோட எண்ணை எடுத்துடு, சரியா வரும்' என்கிறான் கூட்டாளி. எடுத்துப் பார்த்தேன், உண்மையிலேயே வருகிறது. ஒரு வருட உழைப்பு வீண் போகாமலிருக்க என்ன செய்வது? – பண்டாரவளை

பதில்: எடுக்காதீர்கள். எடுத்துப் பார்த்த கணக்கை கம்பியூட்டரில் இருந்தும் அழித்துவிடுங்கள்.

விடை பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணை நீக்குவது பொய். யாராவது ஒரு சிறுதோட்டக்காரர் அதை நம்பி அந்தக் கூட்டெருவுக்குக் காசு கொடுப்பார். ஒரு பாத்தியை நீக்கலாம், அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: காரணம் நடந்த அன்றே உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். "இன்று 7ஆம் பாத்திக்குள் மாடு இறங்கியது" என்று திகதியோடு எழுதியிருந்தால் நீக்கலாம், நீக்கியதை அறிக்கையிலும் சொல்லலாம். விடையைப் பார்த்த பிறகு தேடுகிற காரணம் எதுவும் செல்லாது. வைவாவுக்கு உட்காரும்போது நான் முதலில் கையில் வாங்குவது அறிக்கையை அல்ல, அந்த நோட்டுப் புத்தகத்தை.

இனி, வித்தியாசம் ஏன் வரவில்லை என்று பாருங்கள். அங்கேதான் உங்கள் அறிக்கையின் நல்ல அத்தியாயம் இருக்கிறது. பாத்திகளை மலையில் எப்படி அமைத்தீர்கள்? மேட்டில் இருக்கிற செடிக்கும் பள்ளத்தில் இருக்கிற செடிக்கும் மண்ணே வேறு. மேல்மண் கழுவிப் போய்க் கீழே சேர்கிறது. ஒரு வகை எரு முழுவதும் மேட்டில், இன்னொன்று பள்ளத்தில் என்று போட்டிருந்தால் நீங்கள் அளந்தது எருவை அல்ல, மலையை. சரிவுக்குக் குறுக்காகப் பட்டி பட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டிக்குள்ளும் எல்லா வகை எருவும் வருமாறு, எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். இந்த முறையை வகுத்தவர் இங்கிலாந்து ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஃபிஷர். அவரோடு அங்கே வேலை செய்த ஈடன் என்பவர் பிறகு நம் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து, தேயிலை நிலத்துப் பரிசோதனைகளில் பிழை எவ்வளவு பெரிதாக வருகிறது என்பதைப் பற்றி 1931லேயே எழுதினார். உங்களுக்கு இன்று வந்திருக்கிற தொல்லை நம் மலைகளில் கிட்டத்தட்ட நூறு வருடமாக ஆராயப்படுகிற தொல்லை.

காலத்தையும் யோசியுங்கள். தேயிலை பல வருடம் நிற்கிற செடி. கவ்வாத்துக்கு கவ்வாத்து மூன்று, நாலு, ஐந்து வருடம்கூட ஆகும். இன்று போட்ட கூட்டெரு சில மாதக் கொழுந்தில் தெரியாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. ஆகவே "வித்தியாசம் இல்லை" என்று எழுத வேண்டாம். "இத்தனை பாத்தியோடு, இத்தனை மாதத்தில், இந்த அளவைவிடப் பெரிய வித்தியாசம் இருந்திருந்தால் மட்டுமே இந்தப் பரிசோதனைக்கு அகப்பட்டிருக்கும், அப்படி ஒன்று அகப்படவில்லை" என்று எழுதுங்கள். அந்த அளவு என்ன என்று புள்ளிவிபர ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். அடுத்த வருடம் வருகிற பிள்ளைக்கு எத்தனை பாத்தி வேண்டும் என்பது உங்களால்தான் தெரியவரும். எந்த நேர்மையான பரீட்சகரும் இதற்குப் புள்ளி குறைக்க மாட்டார்.

கேள்வி: 'உங்கள் கட்டுரையைச் சர்வதேச இதழில் மூன்று நாளில் பிரசுரிக்கிறோம்' என்று மெயில் வந்திருக்கிறது. 150 டொலர் கேட்கிறார்கள். – ஹட்டன்

பதில்: கட்டாதீர்கள். மூன்று நாளில் யாரும் ஒழுங்காக வாசித்துத் திருத்த முடியாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வரங்குக்கு அனுப்புங்கள். 1944ல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வும் இருக்கிறது, சுப்பர்வைசரோடு கதையுங்கள். அவர் பெயரைப் போட்டாலும் போடாவிட்டாலும், அவருக்குத் தெரியாமல் எங்கும் அனுப்பக் கூடாது.

கேள்வி: டீச்சர், நான் உயர்தரம் உயிரியல். கெம்பஸ் போகாமல் ஆய்வு செய்ய முடியாதா? எங்கள் பாடசாலை லேப்பில் நுணுக்குக்காட்டி ஒன்றுதான் இருக்கிறது. – மஸ்கெலியா

பதில்: நம்ம ஊர் மகள்! ஒன்று இருக்கிறதே, போதும். தேயிலைக்கு முன் இந்த மலைகளில் கோப்பி இருந்தது தெரியும்தானே. 1869ல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. 1880ல் மார்ஷல் வார்ட் என்ற இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். அவர் கோப்பித் தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளில் கிளிசரின் பூசி வைத்தார். காற்றில் வந்த நோய் வித்திகள் அதில் ஒட்டின. நுணுக்குக்காட்டியில் பார்த்து, நோய் காற்றில் பரவுகிறது என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதே நோய் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் என்றும் சொன்னார். கோப்பியை அது காப்பாற்றவில்லை. ஆனால் அவர் பாவித்த பொருள் எல்லாம் உங்கள் பாடசாலை அலுமாரியிலும் இருக்கும்.

அதையே செய்யுங்கள். பாடசாலைத் தோட்டத்தில் தகடு வையுங்கள், மழை நாளிலும் வெயில் நாளிலும் என்னென்ன ஒட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் முன் நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டும், அது கட்டளை.

கேள்வி: தோட்டங்களில் குளவிக் கொட்டு எந்த மாதத்தில், எந்த மாதிரி மலையில் அதிகம் என்று என் புரொஜெக்டில் பார்க்கப் போகிறேன். என் அம்மாவுக்கும் கொட்டியிருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்கலாம் என்று சுப்பர்வைசர் சொல்கிறார். எப்படித் தொடங்குவது? – அக்கரப்பத்தனை

பதில்: மகள், இந்தத் தலைப்பை வாசித்தபோது எழும்பி நின்றுவிட்டேன். இதை நம் பிள்ளை ஒருத்தி செய்ய வேண்டும் என்று எத்தனையோ காலமாக நினைத்திருக்கிறேன்.

மனிதரிடம் கேள்வி கேட்டுச் செய்யும் ஆய்வு என்பதால் முதலில் உங்கள் பீடத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது கைக்கு வரும்வரை ஒரு கேள்விகூடக் கேட்காதீர்கள். முன்கூட்டிச் சேர்த்ததைப் பிறகு பாவிக்க முடியாது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தனி. டிஸ்பென்சரிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் தனியாக எழுத்தில் கேளுங்கள்.

கொட்டுப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். ஒரு மாதத்தில் கூடுதலான பேருக்குக் கொட்டியது என்றால், அந்த மாதம் கூடுதலான பேர் மலைக்குப் போனதாலும் இருக்கலாம். அந்தந்த மாதம் எத்தனை பேர், எத்தனை நாள், எந்த நம்பர் மலையில் (தேயிலைப் பகுதியில்) நின்றார்கள் என்பது பெரட்டுப் புத்தகத்தில் (வேலைக்கு வந்தவர்களின் பதிவில்) இருக்கும். கொட்டுப்பட்டவர் தொகையை அந்த எண்ணால் வகுத்தால்தான் ஒப்பிட முடியும். மலைகளில் மரம் எவ்வளவு, காட்டோரமா, புல்லு வெட்டியிருக்கிறதா என்று பதியுங்கள். ஆனால் கூட்டுக்குக் கிட்ட நீங்கள் போகவே கூடாது. தூரத்தில் நின்று, இடம் தெரிந்த ஆளோடு.

கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கேள்வித்தாளோடு நிற்காதீர்கள். கிலோ குறைந்தால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) அரைப்பேராகும். அந்த நேரத்தில் அவர்கள் மனம் உங்கள் கேள்வியில் இருக்காது. ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குப் போங்கள். கேள்விகள் நாம் பேசுகிற தமிழில் இருக்கட்டும். வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், விருப்பமில்லை என்றால் ஒரு வார்த்தையும் கேட்காமல் எழும்பி வாருங்கள். பெயர் எழுதாமல் விட்டால் மட்டும் போதாது. ஒரு மலையில் ஒரே ஒருவருக்குத்தான் கொட்டியது என்றால், அந்த மலையின் நம்பரைப் போட்டாலே ஆள் யாரென்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களைச் சேர்த்து ஒரே தொகுதியாகக் காட்டுங்கள். உங்கள் அம்மாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேள்வித்தாள் சரியாக விளங்குகிறதா என்று பார்க்க முதலில் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

அறிக்கை ஒப்படைத்த பிறகு, கிடைத்ததை ஒரு பக்கத் தமிழில் எழுதி, பதில் சொன்ன வீடுகளுக்கும் தோட்ட ஆபீசுக்கும் கொடுங்கள். எந்த மாதம், எந்த மலை என்ற இரண்டும் முதல் வரியிலேயே இருக்கட்டும். அதன் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.